கல்லைப் பெயர்க்காதே! பாதையை மறிக்காதே!

தோழர்களே, எழுந்து வாருங்கள்!

நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். நாளைக்கு அந்தக் கல் அங்கே இருக்காது.

ஜோர்டானின் கிழக்கே, அஸ்ரக் ஊரைத் தாண்டினால் கரும்பாலைவனம். எரிமலை கக்கிய கருங்கற்கள் அடிவானம் வரை கிடக்கின்றன. அந்தக் கற்களைக் கையால் பொறுக்கி, தோளில் சுமந்து, கிலோமீட்டர் கணக்கில் வரிசை வைத்து மனிதர்கள் கட்டிய வேட்டைப் பொறிகள் அங்கே நிற்கின்றன. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நிற்கின்றன. காற்று அவற்றைச் சாய்க்கவில்லை. மழை அவற்றைக் கரைக்கவில்லை. புல்டோசர் சாய்க்கிறது.

அதற்கு ஒரு பகல் போதும்.

ஒரு பகல், தோழர்களே! நாம் வாய் திறக்காமல் கழிக்கும் பகல்களில் எந்தப் பகல் அது? நமக்குத் தெரியாது. அதனால்தான் இன்றே எழச் சொல்கிறோம். அதனால்தான் இப்போதே எழச் சொல்கிறோம்.

முதலில் அந்தப் பொறியைக் கண்ணால் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு இரண்டு கல்வரிசைகள். தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று வெகுதூரம். போகப் போக நெருங்கி வருகின்றன. நெருங்கி நெருங்கி, ஒரு கல்வளைப்புக்குள் போய் முடிகின்றன. வளைப்பின் ஓரத்தில் ஆழமான குழிகள். அந்த வளைப்பு மேட்டின் மறுசரிவில் இருக்கும். ஓடிவரும் மந்தைக்குக் கடைசி நொடிவரை அது தெரியாது.

முழங்கால் உயரச் சுவரைக் கசேல் மான் தாண்டாதா? நின்ற இடத்திலிருந்தே தாண்டும். ஆனால் மிரண்டு ஓடும் மந்தை தாண்டுவதில்லை. கோட்டைக் கண்டால் கோட்டின் பக்கமாகவே ஓடுகிறது. கோடு போகும் வழியே போகிறது. வளைப்புக்குள் வந்த பிறகுதான் தாண்டப் பார்க்கிறது. சுவர் எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே தாண்டுகிறது. அங்கே, சுவருக்கு அப்பால், குழி காத்திருக்கிறது.

விலங்கின் ஓட்டத்தை, அச்சத்தை, பார்வையை, பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்களால் மட்டுமே இதைக் கட்ட முடியும். அவர்கள் கல்லை அறிந்தார்கள். சரிவை அறிந்தார்கள். மந்தை எந்தப் பருவத்தில் எந்தத் திசையிலிருந்து வரும் என்று அறிந்தார்கள். அந்த அறிவு ஏட்டில் இல்லை. அந்தச் சுவரில் இருக்கிறது. அந்தச் சுவரில் மட்டுமே இருக்கிறது!

1920-களில் கெய்ரோவுக்கும் பாக்தாத்துக்கும் இடையே தபால் கொண்டுபோன பிரிட்டிஷ் விமானிகள் மேலிருந்து இவற்றைப் பார்த்தார்கள். வால் நீண்ட பட்டங்களைப் போலத் தெரிந்ததால் பட்டம் என்றே பெயர் வைத்தார்கள். விமானி பெர்சி மெய்ட்லண்ட் 1927-இல் ஆன்டிக்விட்டி இதழில் எழுதினார். பதூயின் மக்களிடம் யார் கட்டியது என்று கேட்டால், முன்னோர் கட்டியவை என்று பதில் வந்தது. இன்று செயற்கைக்கோள் படங்களில் எண்ணிப் பார்த்தால் அரேபியா முதல் ஆரல் கடல் பகுதி வரை 6,000-க்கும் மேற்பட்ட பொறிகள் தெரிகின்றன.

ஆறாயிரம்! ஆறாயிரம் கட்டுமானங்களுக்கு எத்தனை காவலர் இருக்கிறார்கள், தோழர்களே?

யார் கட்டினார்கள் என்று கேட்கிறீர்களா? சொல்கிறோம். நெஞ்சு நிமிரக் கேளுங்கள்.

தென்கிழக்கு ஜோர்டானில் ஜிபால் அல்-கஷாபியே என்ற இடம். வாயில் அபூ அஸீஸேவும் முகமது தராவ்னேயும் தலைமை தாங்கிய ஜோர்டான்–பிரெஞ்சு அகழாய்வுக் குழு அங்கே பொறிகளைத் தோண்டியது. பொறிகளைக் கட்டிய மக்களின் குடியிருப்பையும் தோண்டியது. குவியல் குவியலாகக் கசேல் மான் எலும்பு கிடைத்தது. 2021-இல் ஒரு வழிபாட்டிடம் கிடைத்தது. மனித முகம் செதுக்கிய இரண்டு நடுகற்கள் நின்றன. பக்கத்தில் பொறியின் சிறு மாதிரி வடிவம் ஒன்று. சுமார் 9,000 ஆண்டு பழமை. பொறியே அவர்களுக்குச் சோறு. பொறியே அவர்களுக்குச் சாமி.

அதே இடத்தில் ஒரு கல் கிடைத்தது. 80 சென்டிமீட்டர் உயரம். அதில் பொறியின் வரைபடத்தைக் கீறியிருக்கிறார்கள். இரு சுவர், வளைப்பு, குழிகள் எல்லாம் அளவு மாறாமல் இருக்கின்றன. சவுதி அரேபியாவில் ஜெபெல் அஸ்-ஸில்லியாத்தில் ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளப் பாறையில் இரண்டு பொறிகளின் வரைபடம் இருக்கிறது. அதற்கு 8,000 ஆண்டு. 2023-இல் தொல்லியலாளர் ரெமி க்ராசாரும் கூட்டாளிகளும் இவற்றை வெளியிட்டார்கள். மனிதர் கட்டிய பெருங்கட்டுமானம் ஒன்றுக்கு அளவுப்படி வரைந்த படங்களில் இன்று நாம் அறிந்தவற்றுள் மிகப் பழையவை இவைதான்.

யோசித்துப் பாருங்கள். தரையில் நின்றால் அந்தப் பொறியின் முழு வடிவமும் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. விமானம் ஏறினால்தான் தெரியும். அவர்கள் விமானம் ஏறவில்லை. நடந்து நடந்து, அளந்து அளந்து, மனத்துக்குள் மேலே ஏறி நின்று பார்த்தார்கள். பார்த்ததைக் கல்லில் கீறினார்கள். பலர் கூடி, பல நாள் உழைத்து, ஒரு திட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

பெயர் இல்லாத உழைப்பாளிகளின் கட்டுமானம் இது! அரண்மனைக்குக் காவல் போடுகிறார்கள். கோட்டைக்கு நுழைவுச்சீட்டு அடிக்கிறார்கள். உழைப்பாளி அடுக்கிய கல்லை மட்டும் ஜல்லிக்கு அள்ளலாமா? அள்ள விடலாமா? நாம் பார்த்துக்கொண்டு நிற்கலாமா?

நிற்க மாட்டோம்!

தோழர்களே, பழங்கல்லைக் காப்பாற்று என்று மட்டும் இந்த அறைகூவல் சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்று என்கிறது. அந்தக் கல் உயிரின் சாட்சி.

ஒவ்வொரு பொறிக்கும் ஒரு வாய் உண்டு. அந்த வாய் திறந்திருக்கும் திசையில்தான் மந்தை வந்தது. வடகிழக்கு ஜோர்டானில் பொறிகள் ஒன்றோடொன்று கைகோத்து நெடுஞ்சங்கிலியாக நிற்கின்றன. பெரும்பாலானவை கிழக்கு நோக்கித் திறந்திருக்கின்றன. கிழக்கே புல்வெளி. அங்கிருந்து மந்தை மந்தையாக மான்கள் வலசை வந்தன. துவைலா என்ற இடத்தில் அலிசன் பெட்ஸ் அகழ்ந்தபோது கிடைத்த எலும்புகளில் மிகப்பெரும்பாலானவை கசேல் மானுடையவை. விஸாத் குளங்கள் என்ற இடத்தில் புதிய கற்கால வீடுகளின் அடுப்புக்கரியில் ஓக் மரம் கிடைத்தது. இன்று மருந்துக்கும் மரம் இல்லாத இடம் அது! அங்கே மரம் நின்றது. அங்கே நீர் நின்றது. அங்கே மான் வந்தது.

இன்று அந்த வலசைப் பாதை எங்கே? மான் மறந்துவிட்டது, ஏனென்றால் மான் இல்லை. மனிதர் மறந்துவிட்டார்கள், ஏனென்றால் பார்த்தவர் இல்லை. கல் மறக்கவில்லை. எந்தப் பள்ளத்தாக்கு, எந்தக் கணவாய், எந்தத் திசை என்று கல் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மானை மறுபடி கொண்டுவந்து விடவேண்டும் என்றால் எந்த வழியைத் திறந்துவைப்பது? கல்லைக் கேட்க வேண்டும். அந்தக் கல்லைத்தான் அள்ளுகிறார்கள்!

இன்னொன்றும் கேளுங்கள். பொறியின் குழிகளில் ஆண்டாண்டாகக் காற்று மண்ணைக் கொட்டியிருக்கிறது. அந்த மணல் துகள் கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது என்று ஆய்வகத்தில் அளக்க முடியும். அதை வைத்துத்தான் குழியின் வயதைக் கணிக்கிறார்கள். புல்டோசர் ஒரு தடவை புரட்டிப் போட்டால் போதும். துகளெல்லாம் வெயிலைப் பார்த்துவிடும். காலம் அழிந்துவிடும். பிறகு அதே இடத்தில் அதே கல்லை அதே வரிசையில் அடுக்கினாலும் அந்தக் காலம் திரும்பாது. எவ்வளவு பணம் கொட்டினாலும் திரும்பாது.

அந்த மண்ணில் இன்னும் உயிரும் இருக்கிறது. மழை பெய்தால் மேட்டில் ஓடிவிடும் நீர் சரிந்த குழியில் சற்றுத் தங்கும். ஓராண்டுச் செடிகள் முளைக்கும். கல்லிடுக்கில் பல்லி ஒண்டும். வேறு இடங்களில் வெண்வயிறு கொண்ட ஒரு கல்குருவி இனம் இந்தக் கருங்கல் நாட்டில் வயிறும் கறுத்துப் பிறக்கிறது. கல்லோடு கல்லாக உயிர் தன்னை மாற்றிக்கொண்ட இடம் இது. வெற்றுநிலம் என்று ஒப்பந்ததாரர் எழுதுகிறார். வெற்றுநிலமா? வெற்றுநிலமா, தோழர்களே?

இனி இழந்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்போம்.

சிரியக் காட்டுக்கழுதை. 1927-இல் அஸ்ரக் அருகே அல்-கம்ஸில் கடைசி விலங்கு சுடப்பட்டது. அதே ஆண்டு வியன்னா விலங்குக்காட்சியகத்தில் கூண்டில் இருந்த கடைசி விலங்கும் செத்தது. மெய்ட்லண்டின் கட்டுரை அச்சேறிய அதே 1927! பொறியை உலகுக்குக் காட்டிய ஆண்டிலேயே, அந்தப் பொறிகளின் நிலத்தில் ஓடிய ஓர் இனம் மண்ணிலிருந்து மறைந்தது.

அரேபியத் தீக்கோழி. 1966-இல் ஜோர்டானின் வாதி அல்-ஹஸாவில் சாகும் நிலையில் ஒன்றைக் கண்டார்கள். அதோடு முடிந்தது.

அரேபிய ஓரிக்ஸ் மான். 1972-இல் ஓமனின் ஜித்தத் அல்-ஹராஸீஸில் காட்டு ஓரிக்ஸின் கடைசிக் கூட்டமும் தொலைந்தது.

ரீம் மான், அந்த மணல்நிறக் கசேல், ஆயிரக்கணக்கில் நடந்த வழிகளில் இன்று காப்பகங்களுக்குள் ஒடுங்கி நிற்கிறது.

இதைச் செய்தது பழைய பொறிகள்தானே என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். நாம் எதையும் மறைக்க மாட்டோம். வடகிழக்குச் சிரியாவில் டெல் குரான் என்ற மேட்டில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே இடத்தில் கொட்டிய ஏறத்தாழ நூறு மான்களின் எலும்புகள் கிடைத்தன. குட்டியும் உண்டு, தாயும் உண்டு, ஆணும் உண்டு. மொத்தமாகக் கொன்றிருக்கிறார்கள். பயிரும் மந்தையும் வைத்திருந்த ஊர்க்காரர்கள் அவர்கள். பசியால் கொல்லவில்லை. கை பார்-ஓஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட மொத்தக் கொலை அந்தப் பகுதியின் மான்களை அழிவுக்குத் தள்ளியது என்று 2011-இல் எழுதினார்கள். உண்மைதான். பொறி குற்றமற்றது அல்ல.

ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். பொறிகள் பல ஆயிரம் ஆண்டு வேலை செய்தன. சுவிஸ் பயணி பர்க்ஹார்ட்டின் 1831 நூலில்கூட, சிரியப் பாலைவன ஓரத்து மக்கள் கல்வளைப்பும் குழியும் வைத்து மான் பிடித்த முறை விவரமாக இருக்கிறது. அப்போதும் மந்தை இருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோதும் மந்தை இருந்தது. பிறகு மோட்டார் வண்டி வந்தது. விரைவுத் துப்பாக்கி வந்தது. எண்ணெய்க் குழாய் வந்தது. 1930-களில் கிர்குக்கிலிருந்து ஹைஃபாவுக்குக் குழாய் போட்டபோது கரும்பாலைவனத்தின் நடுவே எச்-4, எச்-5 என்று நிலையங்கள் எழுந்தன. குழாய்க்குப் பின்னால் சாலை. சாலைக்குப் பின்னால் வண்டி. வண்டிக்குப் பின்னால் துப்பாக்கி. சில பத்தாண்டில் முடித்துவிட்டார்கள்!

பொறிக்கு வாய் இருந்தது. பருவம் இருந்தது. வேட்டைக்காரர் போன பிறகு சுவர் முழங்கால் உயரத்தில் சும்மா கிடந்தது. மான் தாண்டிப் போனது.

இன்றைய சுவருக்கு வாய் கிடையாது. பருவம் கிடையாது. ஓய்வு கிடையாது.

சவுதி–இராக் எல்லையில் 900 கிலோமீட்டர் வேலி. 2014-இல் திறந்துவைத்தார்கள். மான் எந்தக் கடவுச்சீட்டைக் காட்டும்? கஜகஸ்தான்–உஸ்பெகிஸ்தான் எல்லையில், உஸ்ட்யுர்ட் மேட்டுநிலத்தின் குறுக்கே வேலி. அதே மேட்டுநிலத்தில்தான் அரான் என்று உள்ளூர் மக்கள் அழைக்கும், அம்புமுனை வடிவத்துப் பழைய கல்பொறிகள் நிற்கின்றன. சைகா மானும் குலான் கழுதையும் பிடித்த பொறிகள். பழைய பொறி ஓய்ந்துவிட்டது. புதிய வேலி ஓயவில்லை. அங்கே சைகா 2015-இல் 1,300-க்கும் கீழே விழுந்தது. கொம்புக்காகச் சுட்டவர்கள் ஒருபக்கம், வலசையை அறுத்த வேலியும் ரயில்பாதையும் மறுபக்கம்.

நல்ல எண்ணத்தோடு போட்ட வேலியும் கொல்லும். இதையும் சொல்லியாக வேண்டும். சவுதியில் மஹாஸத் அஸ்-ஸைத் காப்பகம். 2,244 சதுர கிலோமீட்டர். ஓரிக்ஸையும் ரீம் மானையும் காப்பாற்றவே வேலி அடைத்தார்கள். வறட்சி வந்தது. பழைய நாளென்றால் மந்தை மழை பெய்த திசைக்கு நடந்திருக்கும். வேலி விடவில்லை. அடுத்தடுத்து வந்த வறட்சிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மான்களும் நூற்றுக்கணக்கான ஓரிக்ஸும் வேலிக்குள் பட்டினியால் செத்தன.

கோட்டைக் கண்டால் கோட்டின் பக்கமாகவே ஓடும் விலங்கு அது. ஒன்பதாயிரம் ஆண்டுக்கு முன் எழுத்தறியாத வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்த உண்மை இது. இன்று வேலி போடும் பொறியாளருக்குத் தெரியவில்லை! தெரிய வைப்பது யார்? நாம்தான். நம்மை விட்டால் யார்?

தண்ணீரையும் பாருங்கள். அஸ்ரக், பாலைவனத்தின் ஈரநிலம். கண்டம் தாண்டும் பறவைகள் இறங்கும் இடம். 1977 முதல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் உள்ள தளம். அம்மான் நகரத்துக்கு என்று உறிஞ்சினார்கள். கிணறு மேல் கிணறாகத் தோண்டி உறிஞ்சினார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஊற்றுக்கண் வறண்டது. உலகில் வேறெங்கும் இல்லாத, விரல்நீள அஸ்ரக் மீன் கிட்டத்தட்ட ஒழிந்தது. இன்று குழாய்வழித் தண்ணீர் விட்டுப் பழைய நிலத்தின் ஒரு சிறு பங்கை மட்டும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஊற்று செத்தால் மந்தை எதை நம்பி நடக்கும்? கல்லும் நீரும் மானும் ஒரே கயிறு, தோழர்களே. ஒரு புரியை அறுத்தால் மற்றதும் பிரியும்.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஓமனில் பார்த்தோம். 1982-இல் ஓரிக்ஸை மறுபடி காட்டுக்குள் விட்டார்கள். பெருகின. 1990-களின் நடுவில் 450. யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் அந்த ஓரிக்ஸ் காப்பகம் ஏறியது. வேட்டைக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். எண்ணிக்கை 65-க்கு இறங்கியது. எண்ணெய்க்காகக் காப்பகத்தின் 90 சதவீதத்தை வெட்டினார்கள். 2007-இல் உலக மரபுப் பட்டியலிலிருந்தே அந்த இடத்தை நீக்கினார்கள். பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் அது. உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. உலகம் குறிப்பெழுதியது. உலகம் பெயரை அடித்துவிட்டுப் போனது.

நாமும் அப்படிப் போகலாமா?

தூரத்துப் பாலைவனம், நமக்கென்ன என்று ஒரு குரல் கேட்கும். பக்கத்து வீட்டிலிருந்து கேட்கும். நம் நெஞ்சுக்குள்ளிருந்தும் கேட்கும். அந்தக் குரலை அடக்குங்கள். அரபு நாடுகளின் சாலைகளைப் போடும் கைகளில் தமிழ்க் கைகளும் உண்டு. பொக்லைன் ஓட்டுபவர் நம் ஊர்த் தம்பி. சர்வே கல் நடுபவர் நம் ஊர் அண்ணன். கிரஷரில் தூசி குடிப்பவர் நம் தெருக்காரர். இயந்திரத்தின் ஒரு முனையில் முதலாளி. மறுமுனையில் ஒன்பதாயிரம் ஆண்டுக் கல். நடுவில் நாம்!

அங்கே உழைக்கும் தோழர்களே, கேளுங்கள். வேலையை விடச் சொல்லவில்லை. கடவுச்சீட்டு யார் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது என்று தெரியும். ஊரில் வட்டிக்கு வாங்கிய கடன் தெரியும். ஆனால் கண்ணைத் திறந்து வையுங்கள். நேர்கோட்டில் கிடக்கும் கற்கள் தாமாக விழுந்தவை அல்ல. கண்டால் போர்மேனிடம் கேளுங்கள். சர்வே இன்ஜினியரிடம் கேளுங்கள். இது பழைய வேட்டைச் சுவர், சட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஜோர்டானில் 1988-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 1750-க்கு முன் மனிதர் செய்தவை தொல்பொருள்கள். அவை பாதுகாக்கப்பட்டவை. வழக்கென்றால் கம்பெனிக்கு நட்டம் என்பது போர்மேனுக்குப் புரியும் மொழி. அந்த மொழியில் பேசுங்கள். பாதையைப் பத்து மீட்டர் தள்ளிப் போட்டாலே பல சுவர்கள் பிழைக்கும். ராணுவம் நிற்கும் எல்லைப் பகுதியில் மட்டும் படம் எடுக்காதீர்கள். அது உங்களைச் சிறையில் தள்ளும். உங்கள் உயிரும் நமக்கு வேண்டும்.

இங்கே இருக்கும் தோழர்களே, உங்களுக்கு எந்தச் சாக்கும் இல்லை. கையில் கைபேசி இருக்கிறது. மடிக்கணினி இருக்கிறது. ஜீப்பில் துரத்திச் சுட்ட மான்களை வரிசையாகப் படுக்கப் போட்டு எடுத்த படம் வருகிறதா? பகிராதீர்கள். வியப்புக் குறி போடாதீர்கள். புகார் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரையும் செய்ய வையுங்கள். அந்த வெறிக்குத் தீனி போடுவது கைதட்டல். கைதட்டலை நிறுத்துங்கள்.

வென்றதே இல்லையா என்று சோர்ந்து கேட்காதீர்கள். வென்றிருக்கிறோம்! மனிதர்கள் வாய் திறந்த இடங்களில் வென்றிருக்கிறோம்.

அஸ்ரக் பக்கத்திலேயே ஷவ்மரி காப்பகம். 1975-இல் தொடங்கியது. 1978-இல் ஓரிக்ஸ் வந்து இறங்கியது. 1972-இல் காட்டில் அற்றுப்போன இனத்தை, கூண்டில் எஞ்சிய சிலவற்றிலிருந்து பெருக்கிப் பெருக்கி மீட்டார்கள். 2011-இல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் ஓரிக்ஸ் ஆபத்து குறைந்த படிக்கு நகர்ந்தது. உஸ்ட்யுர்ட்டில் எல்லை வேலியில் சைகா நுழைந்து போக வழிவிட வைத்தார்கள். திருட்டு வேட்டைக்கு எதிராகக் காவலர்கள் பனியிலும் வெயிலிலும் காவல் நின்றார்கள். 2015-இல் இன்னொரு பேரிடி விழுந்தது. கஜகஸ்தானின் பெத்பக்-தலாவில் பாக்டீரியா நோய் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சைகாக்களைச் சில வாரங்களில் கொன்றது. ஒழிந்தது இனம் என்று எல்லோரும் நினைத்தார்கள். காவலர்கள் விடவில்லை. 2023 டிசம்பரில் சைகா மிக மோசமான ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. இன்று கஜகஸ்தானில் சைகா லட்சக்கணக்கில் ஓடுகிறது!

கம்பியைத் தூக்கினால் மான் போகும். இவ்வளவுதான் சூத்திரம். கம்பியைத் தூக்கச் சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய் நம்முடையதாக இருக்கட்டும்.

எனவே கோருவோம். உரக்கக் கோருவோம். பொறிச் சங்கிலி நிற்கும் நிலத்தில் கல்குவாரி உரிமம் கூடாது. வலசைப் பாதையின் குறுக்கே வாய் இல்லாத வேலி கூடாது. சாலை போடுமுன் தொல்லியலாளரும் விலங்கியலாளரும் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். இருவரும் சேர்ந்து! கல் ஒரு துறை, மான் இன்னொரு துறை என்று கோப்பைப் பிரித்தால் இரண்டும் சாகும். கட்டியவர்கள் பிரிக்கவில்லை. நாம் ஏன் பிரிக்கிறோம்?

கோருவதோடு நிற்காதீர்கள். இன்றிரவே வேலையைத் தொடங்குங்கள். கூகுள் எர்த்தைத் திறவுங்கள். அஸ்ரக்கிலிருந்து வடகிழக்கே ஸஃபாவி, அங்கிருந்து ருவைஷித் வரை அந்தக் கறுப்பு நிலத்தில் மெல்ல மெல்ல நகருங்கள். மெல்லிய வெளிறிய கோடுகள் தெரியும். இரு கோடுகள் கூடும் இடத்தில் வளைப்பு தெரியும். பழைய ஆண்டுப் படத்தையும் புதிய ஆண்டுப் படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சுவர் அறுந்திருக்கிறதா? புதுத் தடம் ஏறியிருக்கிறதா? குவாரிப் பள்ளம் நெருங்கியிருக்கிறதா? தேதியோடு குறித்து வையுங்கள். ஆபத்திலிருக்கும் தொல்லிடங்களைப் பதிவு செய்ய ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 2015-இல் தொடங்கிய ஈமீனா திட்டம் இருக்கிறது. ஜோர்டான் தொல்லியல் துறை இருக்கிறது. அவர்களுக்கு எழுதுங்கள். ஒருமுறை பதில் வராவிட்டால் மறுமுறை எழுதுங்கள். இடத்தின் குறியெண்ணை மட்டும் ஊரறியப் போடாதீர்கள். புதையல் திருடருக்கும் அது வழிகாட்டும்.

ஒருவர் பார்த்தால் ஒரு மூலை. நூறு பேர் பார்த்தால் ஒரு பாலைவனம். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்போம். கட்டத்துக்கு ஒருவர். மாதம் ஒருமுறை பார்வை. அறுந்த சுவரைக் கண்ட அன்றே கடிதம். ஆறாயிரம் பொறிக்குக் காவலர் இல்லை என்றோமே, இதோ காவலர்!

நான் ஸஃபாவிக்கு வடக்கே உள்ள கட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். தோழரே, உங்கள் கட்டம் எது? இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.